கோத்தகிரிப் பாறையில் போல்ட் அடிப்பது பற்றி

வணக்கம். பாறையேற்றத்தில், முன்பு ஒருவர் போல்ட் (பாறையில் துளையிட்டு நிரந்தரமாகப் பொருத்தும், கயிறு மாட்டும் உலோக ஆணி) இல்லாமல், பாறைப் பிளவைப் பற்றி ஏறிய வழியில், விழுந்துவிடும் அச்சத்தால் இரண்டு போல்ட் அடிக்கலாமா என்றும், மேலிருந்து கயிறு கட்டிப் பழகிய பின் ஏறுவது ஏமாற்றாகுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது: எப்படி ஏறினீர்கள் என்பதை மறைக்காதவரை அது ஏமாற்றல்ல. 1975இல் ஜெர்மனியின் பாறையேறுநர் குர்ட் ஆல்பர்ட், கருவிகளைப் பிடித்திழுக்காமல் முழுதும் ஏறி முடித்த வழிகளின் அடியில் சிவப்புப் புள்ளி வைத்தார். அதற்கு முன் பழகுவதை அவர் குறையாகக் கருதவில்லை.

போல்ட் அப்படியல்ல. நீலகிரியின் சார்னகைட் பாறையில் இட்ட துளை மீண்டும் மூடாது. நட்டும் கேமும் (பிளவில் செருகி, பிறகு கழற்றி எடுத்துவிடும் உலோகப் பிடிமானங்கள்) பிடிக்கும் பிளவருகே போல்ட் இடுவது, அடுத்து வருபவரின் தேர்வையும் சேர்த்துப் பறிப்பதாகும் என்பது என் கருத்து. ஜெர்மனியின் எல்பே மணற்கல் பகுதியில் உலோக நட்டுகளையே அனுமதிப்பதில்லை. முடிச்சிட்ட கயிறுகளைத்தான் பிளவில் செருகுகிறார்கள். அவ்வளவு கடுமை நமக்குத் தேவையில்லை. முதலில் ஏறியவரைக் கண்டறிந்து கேளுங்கள்; அவர் மறுத்தால் மேலிருந்து கயிறு கட்டியே ஏறுங்கள், அதில் இழிவு எதுவும் இல்லை.

வனத்துறை அனுமதி வேண்டுமா என்பதையும் விசாரியுங்கள். மலைத்தேனீயின் அடை அப்பாறையில் இருந்தால், தேன் எடுக்கும் குறும்பர்களுக்கே அங்கு முதல் உரிமை; தேன் காலம் முடியும்வரை வேறு பாறைக்குச் செல்லுங்கள்.