ரெசொனேட்டர் கிட்டார்களில் ஏன் இவ்வளவு பூவேலை? அதனால் ஒலி கூடுமா?

கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. என் கிட்டாரை முதன்முதலாகப் பெட்டியிலிருந்து எடுத்தபோது அம்மா கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான். "என்னடா இது, கிட்டாரா, சீர்வரிசைக் குடமா?"

ஒலி கூடாது. பூ வெறும் பூதான். ரெசொனேட்டர் கிட்டாரில் சத்தம் வருவது உள்ளே உட்கார்ந்திருக்கும் மெல்லிய அலுமினியக் கூம்பிலிருந்து. தந்தியின் அதிர்வு, அதைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் என்ற கட்டை வழியாக அந்தக் கூம்புக்குப் போகிறது. ஸ்பீக்கர் கூம்பு மின்சாரத்தை வைத்துச் செய்யும் வேலையை இது மின்சாரம் இல்லாமல் செய்கிறது. மேலே மூடியிருக்கும் தட்டில் துளைகளும் வலையும் பார்க்க அலங்காரம் போல இருந்தாலும் அவற்றுக்கு வேலை உண்டு, ஒலி அந்த வழியாகத்தான் வெளியே வருகிறது. உடம்பில் ஓடும் கொடியும் மலரும் தகட்டின் மேல்தோலைக் கீறுவதோடு சரி.

பிறகு எதற்கு இவ்வளவு மினுக்கு என்றால், இந்த வாத்தியம் யாருக்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய உலகக் கண்காட்சியில் ஹவாய்க்காரர்களின் இசை அமெரிக்கர்களை மயக்கியது. அதற்குப் பிறகு ஊரெங்கும் ஹவாய்ப் பைத்தியம்தான். கிட்டாரை மடியில் படுக்கவைத்து, தந்திமேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பார்கள். மைக் இல்லாத மேடை, பக்கத்தில் ஊதுகுழல்கள். மரக் கிட்டார் யார் காதிலும் விழாது. ஜார்ஜ் போஷாம் என்ற மேடைக் கலைஞர் சத்தமான கிட்டார் தேடி அலைந்து, லாஸ் ஏஞ்சலஸில் வாத்தியப் பட்டறை வைத்திருந்த ஜான் டோப்பெயராவிடம் போனார். டோப்பெயரா ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறியவர். ஒரு கூம்பு போதாதென்று மூன்று சின்னக் கூம்புகளை வைத்து அவர் செய்ததுதான் 1927இல் நேஷனல் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த ட்ரைகோன்.

உடம்பு ஜெர்மன் சில்வர். பெயரில் மட்டும்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். இப்போது நம் ஊர்க் கல்யாணங்களில் ரிட்டர்ன் கிஃப்டாகக் குங்குமச் சிமிழ் கொடுக்கிறார்களே, அதற்கும் இதே பெயர்தான். அம்மா கேட்டது தப்பே இல்லை.

மேடைக்காரன் வாங்கும் பொருள், அதுவும் ஹாலிவுட்டுக்குப் பக்கத்துத் தெருவில் செய்த பொருள், விளக்கு பட்டதும் கடைசி வரிசைக்காரன் கண்ணும் கூச வேண்டாமா? அதையே விலைப்பட்டியலாகவும் மாற்றிக்கொண்டார்கள். ஸ்டைல் 1 வெறும் தகடு. ஸ்டைல் 2இல் காட்டு ரோஜா. ஸ்டைல் 3இல் லில்லி ஆஃப் த வேலி, குட்டிக் குட்டி மணிப்பூக்கள். ஸ்டைல் 4இல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாமந்தி. ஸ்டைல் 1 விலை 125 டாலர், ஸ்டைல் 4 விலை 195 டாலர். உள்ளே அதே மூன்று கூம்பு. கழுத்தில் சில்லறை மாற்றங்கள் இருந்தாலும், அந்த 70 டாலரில் பெரும்பங்கு சாமந்திக்குத்தான் போயிருக்கும். எனக்கு வேடிக்கையாகப் படுவது இன்னொன்று. மடியில் வைத்து வாசிக்கும் கிட்டாரில் பின்பக்கம் தொடையில் அமுங்கிக் கிடக்கும். அங்கேயும் இண்டு இடுக்கு விடாமல் செதுக்கியிருக்கிறார்கள்.

வேலைக்காக கலிஃபோர்னியாவில் இருந்த காலத்தில் ஒரு பழைய வாத்தியக் கடையில் ஸ்டைல் 4 ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தூரத்திலிருந்து வழவழப்பான கோடு போலத் தெரிந்தது. செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அது கோடே இல்லை. நுணுக்கமான வளைநெளிவு, தையல் மெஷினில் ஸிக்ஸாக் போட்ட மாதிரி. உளியை நேராகத் தள்ளாமல், மணிக்கட்டை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி நடக்கவிட்டுச் செதுக்கிய வேலை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சின்ன முகப்பு விழுகிறது, ஒவ்வொரு முகப்பும் வெளிச்சத்தை ஒவ்வொரு பக்கம் வீசுகிறது. கிட்டாரை லேசாகத் திருப்பினால் பூ மொத்தமும் சிமிட்டுகிறது. ஆழமாக வெட்டியிருந்தால்கூட இந்த மினுமினுப்பு வந்திருக்காது.

எனக்கு எங்கள் ஊர்ப் பாத்திரக் கடை வாசலில் பெயர் வெட்டித் தரும் தாத்தா ஞாபகத்துக்கு வந்தார். மின்சாரப் பேனா வருவதற்கு முன்னால் சின்ன உளியும் சுத்தியலும் வைத்து, சொம்பைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு, கோடு கிழிக்காமலே தட்டிக்கொண்டு போவார். அவர் வெட்டிய 'ர'வை எந்த வீட்டுச் சொம்பிலும் அடையாளம் சொல்லலாம். இந்தப் பூக்களும் அப்படித்தான், ஒரே மாடலில் இரண்டு கிட்டார் எடுத்தால் இதழ்கள் ஒன்றுபோல இராது. நான் பார்த்ததில் பின்பக்கத்து இதழ் ஒன்றில் உளி கொஞ்சம் ஓடிப்போய், அதை மறைக்க ஒரு சுருள் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். அந்தக் கிட்டாரில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

அதே நேஷனல் 1930இல் கொண்டுவந்த ஸ்டைல் ஓ வேறு ஜாதி. ஒற்றைக் கூம்பு, பித்தளை அல்லது எஃகு உடம்பு, மேலே நிக்கல் முலாம், அதில் ஹவாய்த் தென்னைமரக் காட்சி. இது உளி வேலை இல்லை, மறைப்பு ஒட்டி மணல் பீய்ச்சி மங்கலாக்கியது, சாண்ட் பிளாஸ்டிங். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற ராக் குழுவின் 1985ஆம் வருஷத்து 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' ஆல்பம் அட்டையில் வானத்தில் மிதக்கிறதே, குழுவின் கிட்டார்காரர் மார்க் நாஃப்லரின் கிட்டார், அது 1937ஆம் வருஷத்து ஸ்டைல் ஓ.

அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் இசை என்றாலே பலருக்கும் இந்தப் பளபளப்புதான் கண்ணில் வருகிறது. டாம்பா ரெட் என்ற ப்ளூஸ் கலைஞர் தங்க முலாம் பூசிய ட்ரைகோன் வைத்திருந்தார், 'தங்கக் கிட்டார் மனிதர்' என்றே அவருக்குப் பெயர். ஆனால் மிசிசிப்பிப் பக்கத்து ஆட்கள் பலருக்கும் எட்டியது ட்யூவோலியன் என்ற மலிவு ரகம்தான். பொருளாதாரம் சரிந்து கிடந்த நேரத்தில் 32.50 டாலருக்கு வந்த, பெயின்ட் அடித்த எஃகுக் கிட்டார். பூவும் இல்லை, தென்னையும் இல்லை. அதன் குரைப்புக்கு ஈடு சொல்ல ஆளில்லை என்பது என் கட்சி.

நீங்கள் வாங்கப்போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை, சொந்தச் செலவில் கற்றது. என்னுடையது செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஸ்டைல் ஓ நகல். கை வியர்வையில் கறுத்திருந்ததென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பித்தளைப் பாத்திரம் துலக்கும் பாலிஷைப் போட்டு அழுத்தித் தேய்த்தேன். மங்கலாக இருந்தால்தானே அது படம்? பளபளப்பு ஏற ஏறப் படம் கரைந்தது. முழங்கை படும் இடத்தில் முலாமும் போய் பித்தளை எட்டிப் பார்த்தது. இப்போது மெல்லிய பருத்தித் துணியால் துடைப்பதோடு சரி. கடையில் பார்க்கும்போதும் முதலில் எல்லாத் தந்தியையும் தட்டி, உள்ளே கூம்பு கரகரக்கிறதா என்று கேளுங்கள், பூவைப் பிறகு ரசிக்கலாம்.

அம்மா அதற்குப் பிறகு வேறெதுவும் சொல்லவில்லை, "புளி போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காது" என்றதைத் தவிர. என் கிட்டாரில் நாலு தென்னை இருந்தது, இப்போது இரண்டரை.