நண்பகல் நிழல் தெற்கே விழுவது பிழையல்ல

வணக்கம் அண்ணாச்சி. பாளையங்கோட்டையில் மொட்டைமாடியில் மகளுக்காகக் குச்சி நட்டுப் பார்த்தபோது ஜூன் மாத நண்பகல் நிழல் தெற்கே விழுந்தது, புத்தகத்திலோ வடக்கே என்று இருக்கிறது, திசைகாட்டி கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். திசைகாட்டி நன்றாகத்தான் இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

புத்தகம் சொல்லும் விதி கடக ரேகைக்கு, அதாவது சுமார் 23.5 பாகைக்கு, வடக்கே உள்ள ஊர்களுக்குத்தான் வருஷம் முழுக்கப் பொருந்தும். டெல்லிக்குச் சரி. நம் ஊர் இருப்பது ஏறத்தாழ 8.7 பாகை வட அட்சத்தில். சித்திரை பிறக்க ஓரிரு நாள் இருக்கும்போதே சூரியன் நம் உச்சிக்கு வந்து, அப்புறம் வடக்கே தாண்டிவிடும். ஆகஸ்ட் கடைசியில்தான் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே திரும்பும். இடைப்பட்ட நாலரை மாதமும் நண்பகல் நிழல் தெற்கேதான். ஜூன் 21 அன்று ஒரு மீட்டர் குச்சிக்கு 26 செ.மீ. நிழல் விழும். அளந்து பாருங்கள், மகளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆனால் சரியாக 12 மணிக்கு அளக்க வேண்டாம். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் 77.7-இல் இருப்பதால் ஜூனில் நமக்கு உச்சிப்பொழுது சுமார் 12.20.

திசை கண்டுபிடிக்க வேறு நல்ல வழி உண்டு. காலை பத்து மணிக்கு நிழல் நுனியைக் குறித்து, குச்சியை மையமாக வைத்துக் கயிற்றால் அந்தத் தூரத்துக்கு வட்டம் போடுங்கள். மதியத்துக்கு மேல் நுனி வட்டத்தை மறுபடி தொடும் இடத்தையும் குறியுங்கள். இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. சாரல் மேகம் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.