வாய் சொல்வதைக் கை எழுத மறுக்கிறதே!

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகன் கதையை அழகாகச் சொல்கிறான், எழுதச் சொன்னால் 'பழம்' என்பது 'பம்ழ' ஆகிவிடுகிறது. உதவும் தொண்டு நிறுவனங்கள் உண்டா?
– வாசகி, திருவள்ளூர்

பதில்: உண்டு, அம்மா. சென்னையில் 1991-இல் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இத்தகைய பிள்ளைகளை எழுதப் படிக்கத் தடுமாறவைக்கும் டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாட்டை மதிப்பிடுவதோடு, ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்து வருகிறது. ஒரு பிள்ளைக்கு உதவுவதைவிட ஓர் ஆசிரியரைப் பயிற்றுவிப்பது பல வகுப்பறைகளுக்குப் பயன்படும் என்பதால், இப்பணியையே நான் பெரிதாக மதிக்கிறேன். மணலில் விரலால் எழுத்தை வரைந்தபடியே அதன் ஒலியை உரக்கச் சொல்லவைத்து, கண், காது, கை மூன்றையும் ஒருசேரப் பழக்குவது இப்பிள்ளைகளுக்கான கற்பித்தல் முறைகளுள் ஒன்று. அதை வீட்டிலும் செய்யலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டையும் ஏற்றுள்ளதால், தேர்வுச் சலுகைகளுக்கான சான்றிதழ் பற்றித் தலைமையாசிரியரிடம் இப்போதே கேளுங்கள். மகனைச் சோம்பேறி என்று மட்டும் யாரும் சொல்ல விடாதீர்கள்.