ஆணவக் கொலைப் படங்களில் காட்டுவதெல்லாம் மிகைதானே? கிராமத்தில் நிஜமாகவே இப்படியா நடக்கிறது?

நீங்கள் ஊர்ப்பக்கம் அதிகம் போகாதவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டில் சொல்ல முடியாத காதல் ஒன்று இருந்து, படம் பார்த்ததிலிருந்து தூக்கம் வராமல் கேட்கிறீர்கள். எதுவானாலும் சரி.

மிகைதான். அரிவாளும் ஜீப்பும் துரத்தி ஓடும் இருபது பேரும் மிகை. எனக்குத் தெரிந்து முதலில் வருவது போன். "நடந்தது நடந்துபோச்சு, வீட்டுக்கு வாங்க, முறைப்படி செஞ்சு வைக்கிறோம்." இதைப் பிடித்த படங்கள் இரண்டு (முடிவைச் சொல்லிவிட்டேன் என்று திட்டாதீர்கள்). 2016இல் மராத்தியில் வந்த 'சாய்ராட்'டில் பெண்ணின் அண்ணன், அம்மா கொடுத்தனுப்பிய சீரோடு வருவான். அவள் டீ போட்டுக் கொடுப்பாள். 2020இல் வந்த 'பாவக் கதைகள்' தொகுப்பில் வெற்றிமாறன் எடுத்த பகுதியில் அப்பா மகளை வளைகாப்புக்குக் கூட்டிப்போவார்.

எங்கள் வீட்டிலும் போன்தான். போட்டவன் நான்.

அக்கா வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனபோது எனக்கு 19 வயது. அவள் நம்பர் என்னிடம் மட்டும்தான் இருந்தது. மாமா என்னைத் திண்ணையில் பக்கத்தில் உட்காரவைத்து, தோளில் கைபோட்டு, "அம்மாவுக்கு நெஞ்சுவலின்னு சொல்லு, போதும்" என்றார். சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நம்பினேன். சரி, நம்ப ஆசைப்பட்டேன். சொன்னேன். அக்கா, "அம்மாகிட்ட குடு" என்றாள். மாமா பார்த்துக்கொண்டிருக்க, அம்மா போனை வாங்கி முனகலாக, "வர்றப்ப என் சுகர் மாத்திரையை மறக்காம வாங்கிட்டு வா" என்றாள். "சரிம்மா" என்று அக்கா வைத்துவிட்டாள்.

அக்கா வரவில்லை. நம்பரும் அணைந்துவிட்டது. மாமாவும் இன்னும் இரண்டு பேரும் ஒரு வாடகைக் காரோடு ராத்திரி வரை காத்திருந்துவிட்டுப் போனார்கள். "உனக்கு எப்பம்மா சுகர் வந்துச்சு?" என்று மறுநாள் கேட்டேன். "போய் மாட்டைப் பிடிச்சுக் கட்டு" என்றாள். இன்றைக்கும் டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்கிறவள்.

மாமா கொல்லும் அளவுக்குப் போகமாட்டார் என்று சொந்தத்தில் இப்போதும் சத்தியம் செய்கிறார்கள். செய்யட்டும். கிராமத்தையே கேவலப்படுத்துகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு: 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கரை வெட்டியது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், கேமரா முன்னால். அது நகரம்தான். விருத்தாசலம் பக்கம் கண்ணகி, முருகேசன் இருவரையும் 2003இல் விஷம் கொடுத்துக் கொன்றார்கள். தீர்ப்பு வந்தது 2021இல்.

நகரம் என்றதும் ஞாபகம் வருகிறது. போன வருடம் வாடகைக்கு வீடு தேடினேன். படித்த மனிதர், பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அட்வான்ஸ் பேசுவதற்கு முன்னால், "தப்பா நினைக்காதீங்க, நீங்க எந்த ஆளுங்க?" என்றார். என்ன ஆள் என்று சொல்லாமல் வந்துவிட்டேன். வீடு போனது. நல்ல காற்றோட்டமான வீடு, இப்போதும் வயிறு எரிகிறது.

ஒருவேளை நீங்கள் இரண்டாவது ரகம் என்றால்: இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். ஊரிலிருந்து போன் வந்தால், எவ்வளவு அழுதாலும், அன்றைக்கே கிளம்பாதீர்கள். முக்கியமாக, தம்பி பேசினால்.