“துவான், சாயா டித்தாங்காப் கா?”: ரோட் பிளாக் பற்றி வாசகர் கேட்டவை

நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. இன்னும் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்து லாபிஸில் டீ குடிக்கப் போனால் யாராவது ஒருவர் போக்குவரத்துச் சம்மன் தாளை மேசையில் விரித்துவிடுகிறார். 2024 மே 17 அன்று ஜோகூரின் உலு திராம் போலீஸ் நிலையத்தில் ஒருவன் புகுந்து இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்றானே, அதற்குப் பிறகு கேள்விகளின் தொனியே மாறிவிட்டது. முன்பெல்லாம் “எத்தனை வெள்ளி கட்டணும்?” என்பார்கள். இப்போது “உள்ளே வெச்சிடுவாங்களா?” என்கிறார்கள். நான் வழக்கறிஞர் இல்லை. முப்பது வருடம் நீதிபதிக்கும் நம்மவர்களுக்கும் நடுவில் நின்றவன், அவ்வளவுதான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

செம்பனை ஆலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து மோட்டாரில் வந்தேன். முச்சந்தியில் டி-சட்டை போட்ட இருவர் நிறுத்தி ஐசி (அடையாள அட்டை) கேட்டார்கள். போலீஸா, திருடனா என்றே தெரியவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?

தம்பி, ஐசியை நீட்டுவதற்கு முன்னால் அவர்களுடைய அட்டையைக் கேட்டிருக்கலாம். சீருடை இல்லாத போலீஸ்காரர் தன் அதிகார அட்டையைக் காட்ட வேண்டும். ‘காட் குவாசா’ என்பார்கள். அதன் நிறத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீலம் என்றால் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவரும். மஞ்சள் என்றால் அதற்குக் கீழே உள்ளவர். வெள்ளை என்றால் ரிசர்வ் போலீஸ். சிவப்பு அட்டை என்றால் பணி இடைநீக்கத்தில் இருப்பவர், அவருக்கு உங்களை நிறுத்தும் அதிகாரமே கிடையாது. அட்டையைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் ஆட்கள் கூசுகிறார்கள். கூச வேண்டாம். “துவான், போலே தெங்கோக் காட் குவாசா?” என்று பணிவாகக் கேளுங்கள். பெயரையும் எண்ணையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சீருடையோடு, கூம்பும் நீல விளக்கும் வைத்து நிற்கும் ரோட் பிளாக் வேறு சங்கதி. 1967 போலீஸ் சட்டத்தின் 26ஆம் பிரிவு அதற்கு அதிகாரம் தருகிறது. நிறுத்தச் சொன்னால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். திருப்பிக்கொண்டு தோட்டப் பாதைக்குள் ஓடினால் லேசன் (ஓட்டுநர் உரிமம்) இல்லாத சின்ன விஷயம்கூடப் பெரிய விஷயமாகிவிடும்.

நிறுத்திய பிறகு பெயர், ஐசி எண், முகவரி, லேசன் கேட்பார்கள். கொடுங்கள். அதற்கு மேல் “எங்கே போனாய், யாரைப் பார்த்தாய்” என்று கேள்வி நீண்டால், இந்தப் பத்தியின் தலைப்பில் இருக்கும் வரிதான் உங்கள் கைவசம் இருக்க வேண்டிய வரி. நான் கைதாகிவிட்டேனா என்று கேட்கிறீர்கள். “இல்லை” என்றால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். நிலையத்துக்கு வந்து வாக்குமூலம் தர வேண்டுமென்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 111ஆம் பிரிவின்படி எழுத்தில் கடிதம் தர வேண்டும். “ஆமாம்” என்றால், எதற்காகக் கைது என்பதை உடனே சொல்லியாக வேண்டும். வீட்டுக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல உங்களுக்கு உரிமை வந்துவிடும். அந்த ஒரு கேள்வியிலேயே இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது தெரிந்துவிடும்.

ரோட் டாக்ஸ் ஸ்டிக்கர் ஒட்டவில்லை என்றார் ஒரு அதிகாரி. நான் போனில் காட்டினேன். செல்லாதா?

செல்லும். 2023 பிப்ரவரியிலிருந்து மலேசியக் குடிமக்களின் தனியார் வாகனங்களுக்கு ஸ்டிக்கர் கட்டாயமில்லை, சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலி போதும். போனில் சார்ஜ் இருக்கட்டும்.

என் போனில் மாவீரர் நாள் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து கிடக்கின்றன. ரோட் பிளாக்கில் போனைத் திறக்கச் சொன்னால்?

இந்தக் கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தது. ஒருவர் பயந்து போனையே கடையில் கொடுத்து அழிக்கச் சொன்னாராம்.

ரோட்டில் போகிற வருகிற எல்லோருடைய போனையும் சும்மா திறந்து பார்க்கலாம் என்று ஒரு சட்டமும் சொல்லவில்லை. குற்ற விசாரணையில் சோதனை நடத்தும்போது கணினித் தரவைப் பார்க்கும் அதிகாரம் நடைமுறைச் சட்டத்தின் 116பி பிரிவில் இருக்கிறது. 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்திலும் அப்படி ஒன்று உண்டு. ஆகவே “துவான், எந்தக் கேஸுக்காகப் பார்க்கிறீர்கள்?” என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் போனைப் பிடுங்கிக்கொண்டு மல்லுக்கு நிற்காதீர்கள். அரசு ஊழியரின் வேலையைத் தடுத்தார் என்று தண்டனைச் சட்டத்தின் 186ஆம் பிரிவில் வேறொரு வழக்கு வந்து சேரும், அதற்கு 2 வருடம் வரை சிறை.

படங்களின் விஷயம் இன்னும் நுட்பமானது. விடுதலைப் புலிகள் இயக்கம் 2014 முதல் இங்கே தீவிரவாத அமைப்புகளின் பட்டியலில் இருக்கிறது. அப்படிப்பட்ட அமைப்போடு தொடர்புள்ள பொருளை வைத்திருப்பது தண்டனைச் சட்டத்தின் 130ஜேபி பிரிவில் குற்றம், 7 வருடம் வரை சிறை. 2019 அக்டோபரில் 12 பேரைப் பிடித்தார்கள், நினைவிருக்கும். இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களும் அதில் இருந்தார்கள். அந்த நவம்பரிலேயே கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், சோஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றங்கள் சிறப்புச் சட்டத்தில் ஜாமீனைத் தடுக்கும் 13ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்றார். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்கையே கைவிட்டார். நல்லதுதான். ஆனால் அதற்குள் நாலு மாதம் போய்விட்டது. அந்த நாலு மாதத்தை யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

துக்கம் அனுஷ்டிப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. யாரோ அனுப்பிய கொடியையும் சீருடைப் படத்தையும் நீங்கள் நாற்பது குழுக்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், நாளைக்கு அதை விளக்க வேண்டியவர் நீங்கள். அனுப்பியவர் வர மாட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சோஸ்மா என்றதும் எல்லோரும் தீவிரவாதிகளை நினைக்கிறார்கள். நம் வீட்டுப் பையன்கள் பலர் அதில் மாட்டுவது கும்பல் குற்றச்சாட்டில், தண்டனைச் சட்டத்தின் 130வி பிரிவில். மோட்டார் பின்னால் 04, 08, 36 என்று ஒட்டிக்கொண்டு திரிகிறார்களே, அந்த எண்களெல்லாம் 2013இல் உள்துறை அமைச்சு வெளியிட்ட சட்டவிரோதக் கும்பல் பட்டியலில் இருப்பவை. ஸ்டிக்கரை இன்றைக்கே சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள்.

சிக்னல் மஞ்சளில் போனதற்கு என்னையும் தீவிரவாதச் சட்டத்தில் பிடிப்பார்களா என்று மனைவி பயப்படுகிறாள்.

மாட்டார்கள். போக்குவரத்துக் குற்றம் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்குக் கீழே வரும். சோஸ்மா தன் அட்டவணையில் இருக்கும் பாதுகாப்புக் குற்றங்களுக்கு மட்டும். வீட்டில் சொல்லிவிடுங்கள்.

ரோட் பிளாக்கில் ஒரு போலீஸ்காரர் 200 வெள்ளி கேட்டார், இல்லையென்றால் சம்மன் என்றார். காப்பிக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். தப்பா?

தப்புதான், அண்ணே. எங்கள் தோட்டத்திலேயே இதைக் கேள்வி என்று யாரும் கேட்க மாட்டார்கள், பெருமையாகச் சொல்வார்கள். நானும் இளவயதில் ஒருமுறை மழையில் ரெயின்கோட்டுக்குள்ளிருந்து நனைந்த பத்து வெள்ளியை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பிறகு நீதிமன்றத்தில் லஞ்சம் கொடுத்தவனின் வாக்கை மொழிபெயர்க்கும்போது அந்த ஈர நோட்டு ஞாபகத்துக்கு வரும்.

2009 ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் 20 வருடம் வரை சிறை, லஞ்சத் தொகையைப் போல 5 மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இரண்டில் எது பெரியதோ அந்த அபராதம். உங்களிடம் கேட்டதைப் புகார் செய்யாமல் இருந்தாலும் அது குற்றமே. கணக்கையும் பாருங்கள். சாதாரணச் சம்மனுக்கு நீதிமன்றம் போகாமல் கட்டும் சமரசத் தொகை 300 வெள்ளிக்கு மேல் போகாது. 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த முறைப்படி 15 நாளுக்குள் கட்டினால் பாதி, 16 முதல் 30ஆம் நாளுக்குள் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. அறுபது நாளும் தாண்டினால்தான் நீதிமன்றம். 150 வெள்ளி ரசீதோடு முடிகிற விஷயத்துக்கு 200 வெள்ளியைக் கையில் திணித்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

“எழுதுங்க துவான், நான் கட்டிக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

என் மகனுக்கு 15 வயது. தோட்டத்துக்குள்ளேதான் மோட்டார் ஓட்டுகிறான். மண் ரோட்டுக்கும் லேசன் வேண்டுமா?

சட்டத்தில் ‘ரோடு’ என்பதன் வரையறை பொதுமக்கள் புழங்கும் சாலையைக் குறிக்கும். தனியார் பராமரிக்கும் தனியார் சாலை அதில் சேராது. இதைக் கேட்டதும் சந்தோஷப்படுகிறீர்கள், தெரிகிறது. ஆனால் உங்கள் பையன் மண் ரோட்டோடு நிற்கிறானா? ரொட்டிச் சானாய் வாங்க மெயின் ரோட்டைக் குறுக்கே தாண்டுகிறான். அந்த நொடியில் லேசன், இன்சூரன்ஸ், ஹெல்மெட் மூன்றும் வேண்டும். பி2 லேசனுக்கு 16 வயது முடிந்திருக்க வேண்டும். லேசன் இல்லாதவனை ஓட்ட அனுமதித்த மோட்டார் சொந்தக்காரருக்கும், அதாவது உங்களுக்கும், வழக்கு உண்டு. தோட்டத்துக்குள்ளேயே யாரையாவது இடித்து உயிர் போனாலும் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு தனியார் ரோடு, பொது ரோடு என்று பார்க்காது. ஒரு வருடம் சைக்கிள் மிதிக்கட்டும்.

பாட்டிக்குச் சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அட்டை). பஸ்ஸில் போகும்போது வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார். பரவாயில்லையா?

வேண்டாம். எந்த நிற ஐசியாக இருந்தாலும் கூடவே இருக்க வேண்டும். 1990 தேசியப் பதிவு விதிமுறைகளில் ஐசியைக் கொண்டு போகாததற்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ 3 வருடம் வரை சிறையோ உண்டு. பாட்டிக்கு அவ்வளவு போடமாட்டார்கள், ஆனாலும் பஸ்ஸிலிருந்து இறக்கி அலைக்கழிப்பார்கள். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு சேலை முடிச்சில் கட்டிக் கொடுங்கள்.

ஐசியைப் பார்க்க உரிமையுள்ளவர்கள் பதிவு அதிகாரி, போலீஸ், சுங்க அதிகாரி, பணியிலிருக்கும் ராணுவத்தினர் போன்ற சிலர்தான். கேட்டில் நிற்கும் காவலாளி ஐசியை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டுவதற்கு உரிமை இல்லை.

இரவு பதினோரு மணிக்கு என் தம்பியை ரோட் பிளாக்கில் பிடித்துக் கொண்டுபோனார்கள். காலையில் என்ன செய்வது? ஏதோ தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்கிறான்.

அரசியலமைப்பின் 5ஆவது விதிப்படி 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆகவே காலையிலேயே நீதிமன்ற வாசலுக்குப் போய் நில்லுங்கள், போலீஸ் நிலையத்தில் காத்துக் கிடக்க வேண்டாம். காவலை நீட்டிக்கக் கேட்டால், 14 வருடத்துக்குக் குறைவான தண்டனைக் குற்றம் என்றால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள். அதைவிடப் பெரிய குற்றம் என்றால் 7 நாளும் இன்னொரு 7 நாளும். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் ஒய்பிஜிகே அமைப்பின் இலவசச் சட்ட உதவியைக் கேளுங்கள், 2012 முதல் இருக்கிறது. சோஸ்மாவில் பிடித்திருந்தால் கணக்கே வேறு. மாஜிஸ்திரேட் இல்லாமலேயே 28 நாள் வரை வைக்கலாம், வழக்கறிஞரைப் பார்ப்பதையும் 48 மணி நேரம் தள்ளிப்போடலாம். எந்தச் சட்டம் என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். உடம்பில் காயம் இருந்தால் மாஜிஸ்திரேட்டிடமே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். 2009 ஜனவரியில் போலீஸ் காவலில் இறந்துபோன குகனின் குடும்பம் நீதிமன்றம் வரை போனதால்தான் 2013இல் 8 லட்சம் வெள்ளிக்கு மேல் இழப்பீட்டுத் தீர்ப்பு கிடைத்தது.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி, வாக்குமூலத்தை அவன் பேசிய மொழியில் அவனுக்கு வாசித்துக் காட்டி, திருத்த வாய்ப்புத் தந்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமலும் இருக்கலாம். நடப்பது என்ன? நம் பையன் தமிழில் யோசிக்கிறான், உடைந்த மலாயில் பேசுகிறான், எதைக் கேட்டாலும் “யா, துவான்” என்கிறான். ஒருமுறை ஒரு பால்வெட்டுத் தொழிலாளி “தூக்கிக்கொண்டு போனேன்” என்று சொன்னது தாளில் “திருடிக்கொண்டு போனேன்” என்று இருந்தது. அடிபட்ட நண்பனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். நீதிமன்றத்தில் அந்த ஒரு வார்த்தைக்காகக் காலை முழுவதும் நின்றோம்.

தம்பி மறுபடியும் வாக்குமூலம் தர வேண்டி வந்தால் ஒரு வரி மட்டும் சொல்லிக் கொடுங்கள்: “சாயா தாக் ஃபாஹாம், சாயா மாவு ஜுருபஹாசா தமிழ்.” எனக்குப் புரியவில்லை, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அர்த்தம்.