ஓவியர் செத்துப்போய் இத்தனை வருஷம் கழிச்சு அவரோட கடிதங்கள், நோட்டெல்லாம் காப்பகத்துல வச்சு என்ன பயன், படங்கள் போதாதா?

போதாதுங்க. ஓவியர் க்வென் ஜான் விஷயத்துல படத்தை மட்டும் பாத்து ரொம்ப காலம் தப்பாத்தான் பேசிட்டு இருந்தாங்க.

1876ல வேல்ஸ்ல பிறந்தவங்க, லண்டன் ஸ்லேட் (Slade) ஓவியப் பள்ளியில படிச்சுட்டு 1904ல பாரிஸ்ல குடியேறி, மாடலா நின்னு வாடகை கட்டி வரைஞ்சவங்க. தம்பி அகஸ்டஸ் ஜானும் ஓவியர்தான், அப்போ பெரிய பேர், காதுல கடுக்கன், ஜிப்சி வண்டியில குடும்பத்தோட ஊர் சுத்தல்னு லண்டனே அவரைத்தான் பேசும். அக்கா படத்துல ஒரு பொண்ணு, ஒரு நாற்காலி, மங்கின சுவர், அவ்ளோதான். அதனால கூச்ச சுபாவம், துறவி மாதிரி ஒதுங்கி வாழ்ந்தவங்கன்னு முடிவு கட்டிட்டாங்க.

கடிதங்களைப் பாத்தா வேற ஆளு. சிற்பி ரோடினுக்கு மாடலா போய் அவரையே உயிரா காதலிச்சிருக்காங்க, அப்போ இவங்களுக்கு 28, அவருக்கு 63. அவருக்கு எழுதின லெட்டரே சுமார் 2000, பாரிஸ் ரோடின் மியூசியத்துல இருக்கு, பூனை காணாமப் போனதுல இருந்து ரூமை எப்படி வச்சிருக்கேங்கிறது வரைக்கும் எழுதியிருக்காங்க.

ஆனா அதோட நிறுத்திட்டா ஒரு ஆளுக்காக ஏங்கியே வீணாப்போன பொண்ணுன்னு இன்னொரு தப்புக்குப் போயிடுவோம், நிறைய பேர் அப்படித்தான் எழுதுறாங்க, எனக்கு கோவமா வரும். அபெரிஸ்ட்வித்ல இருக்கிற வேல்ஸ் தேசிய நூலகத்துல அவங்க நோட்டுங்க இருக்கு, அதுல ஒவ்வொரு நிறத்தோட அடர்த்திக்கும் நம்பர் போட்டு கணக்கு வச்சிருக்காங்க, கூடவே பிரார்த்தனையும் எழுதியிருக்காங்க. உடம்பு தேறி வர்ற ஒரு பொண்ணு உக்காந்து லெட்டர் படிக்கிற அதே படத்தை நிறத்தை மட்டும் லேசா மாத்தி திரும்பத் திரும்ப வரைஞ்சாங்களே, அது ஏக்கத்துல செஞ்சது இல்ல, வேலைன்னு அப்போதான் புரியும். நியூயார்க் பொது நூலகத்துல ஜான் க்வின்னோட காகிதங்களும் அப்படித்தான். வருஷா வருஷம் பணம் அனுப்பி ஆதரிச்ச வக்கீல் அவர், ஆனா தனக்கே திருப்தி வராத படத்தை க்வென் அவருக்குச் சட்டுனு அனுப்பிட மாட்டாங்க.

அந்தரங்கத்தைப் படிக்கலாமான்னு கேட்டா, எனக்கும் அது உறுத்தும்தான். அதனால படிக்க நினைக்கிறவங்க காதல் கடிதத்துல ஆரம்பிக்காதீங்க, ஸ்லேட் தோழி உர்சுலா டிர்விட்டுக்கு எழுதினதை முதல்ல படிங்க, ஒரு ஓவியர் இன்னொரு ஓவியர்கிட்ட தொழில் பேசுறது அதுலதான் இருக்கு.