ஆங்கிலம் தாய்மொழியல்லாதவருக்கு ஐரோப்பாவில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைக்குமா?

கிடைக்கும். பலரும் உச்சரிப்பை எண்ணியே கவலைப்படுகிறார்கள். என் கணிப்பில் அதைவிடப் பெரிய தடை கடவுச்சீட்டுதான். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு உறுப்பு நாடுகளில் பணி அனுமதி தேவையில்லை என்பதால், போலந்துக்காரர் ஒருவர் மாட்ரிட்டில் இறங்கியதுமே வகுப்பெடுக்கலாம்; இந்தியருக்கு விசா ஏற்பாடு செய்யச் சிறிய மொழிப்பள்ளிகள் பெரும்பாலும் முன்வருவதில்லை. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியதால், 2020 இறுதிக்குப் பின் பிரிட்டானியர்களுக்கும் இதே நிலைதான்.

ஆகவே, தங்கும் உரிமையை முதலில் தேடுங்கள். ஸ்பெயினில் உயர்கல்வி மாணவர்கள் படிப்புக்கு இடையூறின்றி வாரத்திற்கு 30 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஜெர்மனியில் கற்பித்தல், ஃப்ரீலான்ஸ் எனப்படும் தற்சார்புத் தொழிலாக ஏற்கப்படுகிறது. அதற்கான அனுமதி கேட்கும்போது, உங்களுக்கு வகுப்புகள் தர விரும்புவதாகப் பள்ளிகள் எழுதிய கடிதங்களையும் இணைக்க வேண்டும்.

தகுதியைப் பொறுத்தவரை, ஆங்கிலம் கற்பிப்போருக்கான கேம்பிரிட்ஜின் செல்டா (CELTA) சான்றிதழையே பரிந்துரைப்பேன். குறைந்தது 120 மணி நேரப் பயிற்சியில் ஆறு மணி நேரம், பயிற்றுநர் கவனிக்க, உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சான்றிதழ்களில் இது இருப்பதில்லை.

'தாய்மொழியாளர் மட்டும்' என்ற விளம்பரத்தைக் கண்டு ஒதுங்காதீர்கள். மாதிரி வகுப்பு நடத்த அனுமதி கேளுங்கள். 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்று மாணவர் சொல்லும்போது, அது ஏன் பிழை என்பதை இரண்டே எடுத்துக்காட்டுகளில் அவரே கண்டுகொள்ளச் செய்பவரைப் பள்ளிகள் எளிதில் ஒதுக்குவதில்லை.